பின்னாடி யாரும் உண்டா?

கல் வந்து மோதிய சத்தம் துப்பாக்கி வெடித்தது போல இருந்தது. டோர்கஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது முன்கண்ணாடியில், சரியாக அவள் கண்ணுக்கு நேரே, ஒரு நட்சத்திரம் முளைத்திருந்தது. அடுத்த குலுக்கலில் அதற்கு வால் வந்தது. அதற்கடுத்த குலுக்கலில் வால் நீண்டு கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

முந்திக்கொண்டு போன வெள்ளை மோட்டார்ஹோம், சக்கரத்தில் ஓடும் அந்த வீடு, வேகத்தைக் குறைக்கவேயில்லை. அதன் முதுகில் இரண்டு சைக்கிள்கள் தொங்கி ஆடியதுதான் கடைசியாகத் தெரிந்தது. பிறகு புழுதி. சாம்பல் நிறப் புழுதி, ரோடு, பள்ளம், குட்டை மரங்கள் எல்லாவற்றையும் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டது. டோர்கஸ் பிரேக்கில் கால் வைத்து, ஜன்னலை ஏற்றி, இருமிக்கொண்டே திட்டினாள்.

இந்தச் சரளை ரோட்டில் முந்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. பின்னால் வருகிறவன் விளக்கைப் போட்டுக் காட்டுவான். முன்னால் போகிறவன் ஒதுங்கி, கிட்டத்தட்ட நின்றேவிடுவான். மற்றவன் மாடு மாதிரி மெல்லக் கடந்து போவான். போகும்போது ஒரு கையசைப்பு. அவ்வளவுதான் விஷயம். அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவன் எதற்கு வடக்கே வருகிறான்?

"எவன்டி அது?" வண்டிக்குள்ளேயே பின்னால் இருந்த கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"டூரிஸ்ட்டுப்பா."

"ஏத்துடி அவன் மேல."

"அவன் மலைக்கே போயிருப்பான். நீங்க படுங்க."

"கோபப்படாதீங்கப்பா, மூச்சு வாங்குது பாருங்க," என்றாள் யூனிஸ். தங்கை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மூச்சைச் சேத்து வச்சு நான் என்னடி பண்ணப் போறேன்?"

அப்பா எஃப்ரெயிம் இந்த ரோட்டில் கிரேடர் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பிறந்த காலத்திலிருந்து அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்த காலம் வரை இந்தச் சரளையை இழுத்துச் சமப்படுத்தியவர். இப்போது நுரையீரல் முழுவதும் போய்விட்டது. தெற்கே நகரத்து ஆஸ்பத்திரியில், இனி செய்ய ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நோயாளியை விமானத்தில் கொண்டுவருவதற்கு ஏற்பாடு இருந்ததாம். சாகப்போகிறவரைத் திருப்பி அனுப்புவதற்கு இல்லையாம். உட்கார முடிந்தால் சாதாரண விமானத்தில் போகலாமாம். அவரால் உட்கார முடியவில்லை. டோர்கஸ் அந்த மேஜை முன்னால் நின்று கத்திய கத்தலில் காவலாளி வந்துவிட்டான். அன்று மாலையே யூனிஸின் புருஷனுடைய பழைய மோட்டார்ஹோமை எடுத்துவிட்டாள். அதில் கட்டில் இருந்தது. வேறென்ன வேண்டும்?

அப்பாவுக்கு வேண்டியது ஒன்றுதான். பீல் ஆற்றுக்கு அந்தப் பக்கம். தன் வீட்டில், ஜன்னல் வழியாக ஆறு தெரிகிற அந்த அறை.

பாதி வழியில் இருக்கிற ஒரே பெட்ரோல் பங்க்கில் அந்த வெள்ளை வண்டி நின்றிருந்தது. டோர்கஸ் வண்டியை நிறுத்திய வேகத்தில் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கிப் போனாள். தொப்பி போட்ட உயரமான ஆள் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க தெறிக்கவிட்ட கல்லு என் கண்ணாடிய உடைச்சிடுச்சு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவளுடைய வண்டியைப் பார்த்தான். ஜன்னல் இடுக்கெல்லாம் புழுதிக்காக ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தான். "சரளை ரோடும்மா இது. கல்லு தெறிக்கத்தான் செய்யும்."

"தெறிக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் மெதுவாப் போவாங்க."

"மெதுவாப் போனா படகு போயிடுமே! ஆத்துல தண்ணி ஏறுதாம். சாயங்காலத்தோட படகை நிறுத்தப் போறாங்களாம். உள்ள சொன்னாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு ரோட்டு முனையில இருக்கற கடலப் பாக்காமத் திரும்ப முடியுமா?"

டோர்கஸ் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தாள். பாலமில்லாத ஆறு; வண்டிகளைக் கடத்தும் அந்த ஒரே படகு நிற்கப் போகிறது. மேலே மலையில் மழை. ஆறு மரங்களை அடித்துக்கொண்டு வரும்போது படகைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் எப்போது அவிழ்ப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த ஆள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் மனைவி மட்டும் இறங்கி வந்தாள். குட்டையான, வெள்ளைத் தலைமுடிக்காரி. டோர்கஸ் சாத்தாமல் விட்ட கதவு வழியாகக் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், கையிலிருந்த பீச் பழ டின்னை யூனிஸிடம் நீட்டினாள். "மிருதுவா இருக்கும். தொண்டைக்கு இதமா இருக்கும்," என்றாள். வெள்ளை வண்டியிலிருந்து ஹார்ன் அடித்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிய பிறகுதான் டோர்கஸுக்குப் பதில் தோன்றியது. கடல் எங்கேயும் போயிடாதுடா, எங்கப்பா போயிடுவாரு. இதைச் சொல்லியிருக்க வேண்டும், முகத்துக்கு நேராக. மலை ஏறும் வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள்.

மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. புழுதி சேறானது. கண்ணாடியில் விரிசல் வழியாக நீர் கசிந்து ஸ்டியரிங் மேல் சொட்டியது. யூனிஸ் பீச் துண்டுகளைக் கரண்டியால் நசுக்கி ஊட்டினாள். அப்பா ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ரோட்டைத் திட்டினார்.

"எவன்டி இப்போ கிரேடர் ஓட்டுறது? நடுவுல மேடே இல்ல. தண்ணி எப்படி வடியும்? படிக்கட்டுல படுத்துட்டு வர்ற மாதிரி இருக்கு."

"நீங்க ஓட்டுனப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. நாங்க மரியாதைக்குச் சொல்லல," என்றாள் யூனிஸ்.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரமானது. டோர்கஸ் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். அவர் உதடு நீலமாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள்.

ஓடை இறக்கத்தில்தான் அந்தச் சிவப்பு தெரிந்தது.

முதலில் ஏதோ துணி என்று நினைத்தாள். பிறகு, துணியைப் பிடித்திருந்த கை. வெள்ளைத் தலைமுடிக்காரி ரோட்டின் நடுவில் நின்று சிவப்புத் துண்டை இரண்டு கையாலும் ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை மோட்டார்ஹோம் ரோட்டை விட்டு இறங்கிச் சாய்ந்து கிடந்தது. டயர் வெடித்திருக்க வேண்டும். ஒதுங்குகிறேன் என்று ஓரத்துக்குப் போயிருக்கிறான். இந்த ரோட்டின் ஓரம் பார்க்க ரோடு மாதிரிதான் இருக்கும். மழை பெய்தால் அது வெறும் கூழ். அந்த உயரமான ஆள் சேற்றில் உட்கார்ந்து, ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டிருந்தான். தொப்பியைக் காணவில்லை. கீழே ஓடை பழுப்பாகப் பொங்கி, வண்டியின் கீழ்ப்பக்கச் சக்கரத்தை நக்கியது.

"அக்கா, நிறுத்து," என்றாள் யூனிஸ்.

"என்னடி?" என்றார் அப்பா.

"அந்த வெள்ளை வண்டிப்பா. ஓடைப் பக்கம் சரிஞ்சு கெடக்கு."

அப்பா இரண்டு முறை மூச்சிழுத்தார். மூன்றாவது இழுப்பில்தான் வார்த்தை வந்தது. "நிக்காதே."

"அப்பா!"

"நிக்காதே... போ."

டோர்கஸுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே புழுதியோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் காலுக்கு இறங்கியது. அந்த மேஜை, அந்தக் காவலாளி, அந்தத் தொப்பி, 'கல்லு தெறிக்கத்தான் செய்யும்'. வண்டி நிற்கவில்லை. வெள்ளைத் தலைமுடிக்காரி முதலில் சிரித்தாள், உதவி வந்துவிட்டது என்று. பிறகு துண்டோடு ஓரத்துக்கு ஒதுங்கினாள். கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே அவள் வாய் திறந்திருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பக்கக் கண்ணாடியில் சிவப்பு கொஞ்ச தூரம் வந்தது. அப்புறம் மேடு.

நின்றுகொண்டிருக்கும் வண்டியை டோர்கஸ் தன் வாழ்நாளில் இப்படிக் கடந்ததில்லை. அவள் ஊரில் யாருமே கடந்ததில்லை. பிடிக்காதவனாக இருந்தாலும் நிறுத்தி, இறங்கி, திட்டிக்கொண்டே சங்கிலியைக் கட்டுவார்கள்.

யூனிஸ் ஊட்டுவதை நிறுத்தினாள். கரண்டியை டின்னுக்குள் போட்டாள். அந்தச் சத்தம் பெரிதாக இருந்தது.

ஆற்றங்கரையில் இரும்புப் படகு இன்னும் இந்தப் பக்கம்தான் நின்றிருந்தது. வேறு வண்டி எதுவும் இல்லை. ஆரஞ்சு மழைக்கோட்டில் ஆபெல் கையாட்டி ஏறச் சொன்னான். பெரியப்பா மகன். இந்தப் படகை அவன்தான் ஓட்டுகிறான். டோர்கஸ் வண்டியைத் தளத்தில் ஏற்றி நிறுத்தியதும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"சித்தப்பா! ரோட்டை என்ன பண்ணி வச்சிருக்கானுங்க, பாத்தீங்களா?"

"பாக்கல. முதுகாலயே தெரிஞ்சுக்கிட்டேன்."

ஆபெல் சிரித்தான். முகம் சிரித்தாலும் கண் அவர் உதட்டிலேயே நின்றது. கதவை மெல்லச் சாத்திவிட்டு, டோர்கஸ் நின்ற இடத்துக்கு வந்தான். மழை இருவர் மேலும் கொட்டியது. ஆற்றில் வேரோடு ஒரு மரம் உருண்டு போனது.

"இதோட கட்டிடப் போறேன். பெரிய பெரிய மரமா வருது." பிறகு, கரையில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டான். "பின்னாடி யாரும் உண்டா?"

கேள்வி சின்னதுதான். உண்டு என்றால் படகு காத்திருக்கும், அல்லது ஒருவன் லாரியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பான். இல்லை என்றால் சங்கிலியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்தக் கரையில் மனிதன் என்று யாரும் இருக்கமாட்டான்.

உண்டு என்று சொன்னால் ஆபெல் அடுத்து என்ன கேட்பான் என்று டோர்கஸுக்குத் தெரியும். நீ நிக்கலையா? அப்பாவின் மேல் பழியைப் போடலாம். அந்த நீல உதட்டின் மேல்.

"யாருமில்ல," என்றாள்.

"நீ சொன்னா சரிதான்."

சங்கிலி விழுந்தது. இறங்குபலகை முனகிக்கொண்டு எழுந்தது. ஆபெல் இரும்பு ஏணியில் ஏறி மேல் அறைக்குள் போனான். படகு கரைக்குக் கரை கட்டியிருந்த கம்பிவடத்தைப் பற்றிக்கொண்டு ஆற்றுக்குள் நகர்ந்தது.

டோர்கஸ் உள்ளே போனாள். தலையைத் துவட்டிக்கொண்டாள். அப்பா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். யூனிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டோம்பா. ஆத்துல இருக்கோம்."

"கேட்டானா?"

"எதை?"

"நடிக்காதே. ஆபெல் கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்ன?"

டோர்கஸ் துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

அப்பாவின் முகம் மாறியது. அந்த முகத்தில் இவ்வளவு ரத்தம் மிச்சமிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை.

"அந்த இறக்கத்துல... இந்தப் பொட்டிய நிறுத்துனா... இதுவும் சேந்து ஓடைக்குப் போகும். அதுக்குத்தான்டி..." மூச்சு. "நிக்காதேன்னுதான் சொன்னேன். சொல்லாதேன்னு சொன்னேனா?"

"உங்களைக் கொண்டு போய்ச் சேக்கணும்பா! அவன் என்ன பேசுனான் தெரியுமா? எப்படிப் பாத்தான் தெரியுமா?" அவள் குரல் அந்தத் தகர அறைக்குள் மோதித் திரும்பியது. "அவனுக்காக நீங்க இந்தக் கரையில சாகணுமா?"

"எங்க சாகணும்னு நான் பாத்துக்கறேன். நீ போய்ச் சொல்லு."

"அப்பா—"

"போடி!"

படுக்கையில் கிடந்த காலி டின்னை எடுத்து, அதற்குள் கிடந்த கரண்டியால் அதன் மேல் ஓங்கி அடித்தார். யூனிஸ் தடுக்கவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

டோர்கஸ் வெளியே ஓடினாள். தளம் வழுக்கியது. எஞ்சினின் இரைச்சலில் அவள் கூப்பிட்டது அவள் காதுக்கே எட்டவில்லை. ஏணியின் இரும்பு பனிக்கட்டியாக இருந்தது. அழுதுகொண்டே ஏறினாள். அப்பா மேல் கோபம், அந்தத் தொப்பிக்காரன் மேல் கோபம், டயர் மேல், மழை மேல். எல்லாவற்றையும் விட, ஒரு டின் பீச் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போன அந்த வெள்ளைத் தலைமுடிக்காரி மேல்தான் அதிகம். அவள் மட்டும் அந்த டின்னைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

மேல் அறையின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆபெலின் முதுகு தெரிந்தது. அவள் கண்ணாடியில் அறைந்தாள். அவன் திரும்பினான். என்ன என்று புருவத்தை உயர்த்தினான்.

சொன்னாலும் கேட்டிருக்காது. ஈரக் கண்ணாடியில் இரண்டு விரல்களை வைத்தாள். பிறகு அந்த விரல்களாலேயே, விட்டு வந்த கரையைக் காட்டினாள்.

ஆபெல் அவளையே பார்த்தான். அவன் கேட்கப்போவது அவன் கண்ணிலேயே இருந்தது. கேட்கவில்லை. கை மட்டும் எஞ்சின் பிடியின் மேல் போய் நின்றது. எஞ்சினின் சத்தம் அடங்கியது. படகு நடு ஆற்றில் நின்றது. கம்பிவடம் விறைத்து, தன் மேலிருந்த நீரையெல்லாம் ஒரே உதறலில் சிதறவிட்டது.

எதிர்க்கரையில் மரங்களுக்கு மேல் வீட்டுப் புகை தெரிந்தது. பின்னால் மழை. மேலே, ஆற்றின் திருப்பத்தில், இன்னொரு பெரிய மரம் வேரைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அந்த அமைதியில், கீழே மோட்டார்ஹோமுக்குள்ளிருந்து, டின்னில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு. இன்னும் கோபமாக.