ஆண்கள் பக்கத்து நாற்காலி

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இந்தப் பாவாடையக் கட்டிக்கடி பசாடி. உன் மாமன் மேல புகார் சொல்லிட்டு வந்து கழட்டி எறிஞ்சிரு." அம்மா கெஞ்சினாள்.

பசாடி என்பது அவள் வைத்த பெயர்; பெண்கள் என்று அர்த்தம். தலைநகர் கபரோனேக்கு வெல்டிங் வேலைக்குப் போய், முடியை ஒட்ட வெட்டி, மோவாகி என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவனுக்கு அது சின்ன வயசுச் சட்டை மாதிரி பற்றாமல் போயிருந்தது. வீங்கி மூடிய கண் ஒன்று, திறந்த கண் ஒன்று. திறந்த கண்ணால் பாவாடையைப் பார்த்து, மாட்டேன் என்றான். அம்மா அதை மடித்துப் பையில் திணித்துக்கொண்டாள்.

கண்ணை வீங்க வைத்தவர் தாய்மாமன் மொலேஃபி. மருமகளைப் பெண்ணாகத் திருத்தியே தீர்வதென்று கிளம்பி, முற்றத்தில் வைத்துக் கழுதை வண்டிச் சாட்டையால் விளாசினார். இத்தனை வருஷத்தில் தன் கழுதைகளையே திருத்த முடியாதவர். அடி தாங்காமல் மோவாகி சாட்டையைப் பிடித்து இழுக்க, மாமன் தடுமாறிச் சோளக்கூழ்ப் பானைக்குள் உட்கார்ந்துவிட்டார். கூழ் ஆறித்தான் இருந்தது. வெந்தது மானம்தான். அவரும் ஒரு புகார் கொடுத்தார்.

வழக்கம்போல அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு ஆண்கள் ஊர்மன்றத்துக்கு வந்தார்கள். பெண்களுக்குத் தரையில் பாய். மோவாகியும் நாற்காலியோடு போனான். வாசலிலேயே காவலர் மறித்தார். கால்சட்டை போட்ட பெண் உள்ளே வரக்கூடாது, முன்னோர் வழக்கம் என்றார். அந்த முன்னோர் கால்சட்டையைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆகவே மோவாகி மரவேலிக்கு வெளியே நின்றபடி புகாரைச் சொன்னான்.

"இன்னிக்கு இவர சும்மா விட்டீங்கன்னா, அடுத்த தடவ எங்கம்மா ஒப்பாரி வைக்கத்தான் இங்க வருவாங்க தலைவரே."

ஊர்த்தலைவர் மூக்குப்பொடியை இழுத்துத் தும்மிவிட்டு, தாய்மாமன் மருமகளைக் கண்டிப்பது குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னார். தும்மல்தான் தீர்ப்பைவிட நீளமாக இருந்தது. மாமன் வீடு கூப்பிடு தூரம். சாட்டையும் அவரிடமேதான் இருந்தது.

அடுத்தது கூழ்ப்பானை வழக்கு. பெரியவரை அவமதித்ததற்குப் பிரம்படி கொடுக்க வேண்டும் என்று மொலேஃபி கேட்டார். பெண்ணைப் பிரம்பால் அடிக்கச் சட்டத்தில் இடமில்லையே என்று தலைவர் தாடையைச் சொறிந்தார். மொலேஃபி துள்ளி எழுந்தார்.

"அப்ப இவன ஆம்பளன்னே வச்சுக்குங்களேன். கால்சட்டதான போட்டிருக்கான்."

பெரியவர்கள் தலைகளை ஒன்று சேர்த்துக் குசுகுசுத்தார்கள். முதல் வழக்கில் மருமகள், இரண்டாவதில் மருமகன், ஆகவே பிரம்படி என்று முடிவானது. அம்மா எழுந்து, இப்போதுதானே பெண் என்றீர்கள் என்று கேட்டாள். பெண்கள் நடுவில் பேசக்கூடாது என்று உட்கார வைத்தார்கள்.

காவலர் வழிவிட்டார். மோவாகி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, ஆண்கள் வரிசையில் மாமனுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, பெஞ்சில் குப்புறப் படுத்தான். அடிக்குமுன் கால்சட்டையைக் கழற்றச் சொல்வது வழக்கம். யாருக்கும் வாய் வரவில்லை. கழற்றினால் தீர்ப்பும் சேர்ந்து கழன்றுவிடுமே. துணிக்கு மேலேயே அடித்தார்கள். நன்றாக வலித்தது. மாமன் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அதைவிட வலித்தது.

அடி முடிந்ததும் தலைவர் வாசலைக் காட்டினார். "சரி, வழக்கு முடிஞ்சுது. வெளிய போம்மா."

மோவாகி வாசல் பக்கம் போகவில்லை. கெந்திக் கெந்தித் தன் நாற்காலிக்கு நடந்தான்.

"அடி வாங்கும்போது ஆம்பளதான தலைவரே. உக்காரும்போது மட்டும் என்ன கேடு?"

தலைவர் மறுபடியும் மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். ஆனால் வீராப்பாகக் கேட்டவனால் உட்காரத்தான் முடியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அம்மா பாயிலிருந்து எழுந்தாள். அத்தனை ஆண்களையும் தாண்டி வந்து, பையிலிருந்த பாவாடையை எடுத்து, இன்னும் ஒரு மடிப்பு மடித்து, நாற்காலியில் மெத்தையாகப் போட்டாள்.

"உக்காரு மோவாகி," என்றாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, மாமனுக்குப் பக்கத்தில், பாவாடைமேல் உட்கார்ந்தான்.