செல்வராணிக்கு ஒத்துக்கொள்ளாதது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டப்பட்டது. தெப்ராவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கமலநாதன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயில் என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

“அண்ணே, லோஷினி கேக்குறா. ‘அம்மா என்னைப் பெத்ததாலயா செத்தாங்க’ன்னு. ஸ்கூல்ல எவளோ சொல்லியிருக்கா. ஒண்ணாம் ஆண்டுதான் படிக்கிறா, ஏழு வயசு. என்னால வாயால சொல்ல முடியல லா. நீங்க எழுதிக் குடுத்துருங்க. பெரியவளானதும் அவ கையில குடுத்துடுறேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். நான் பண்ணுனதையும்.”

அவர் என்ன செய்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்திருப்பேன்.

2

முதல் தொடக்கம்: பால்மரத்தை நம்பிப் பிழைத்த வம்சத்தில் பிறந்த செல்வராணியை அந்தப் பாலே ஒருநாள்

[நிறுத்திவிட்டேன். வாக்கியம் அழகாக இருந்தது, அதனாலேயே சந்தேகம். கமலநாதனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். “அலமாக்! அண்ணே, அவங்க குடும்பம் காஹாங்ல செம்பனைத் தோட்டம். ரப்பர் பக்கமே போனதில்ல” என்றார். போயிற்று என் இலக்கியம்.]

இரண்டாம் தொடக்கம்: கமலநாதனின் மனைவி செல்வராணி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள்.

இது போதும். சூடான அச்சுகளிலிருந்து ரப்பர் கையுறைகளை உருவியெடுக்கும் வேலை, ஆறு வருடம். நான்காம் வருடம் கை அரிக்கத் தொடங்கியது. ஆலைக்குள் நுழைந்தால் தும்மல். உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தாள். சூப்பர்வைசரிடம் மூச்சு விடவில்லை; சொன்னால் வேறு பிரிவுக்கு மாற்றுவான், ஓவர்டைம் போய்விடும். கமலநாதனுக்கும் அது சரியென்றே பட்டது.

கல்யாணமாகி ஐந்து வருடம் பிள்ளையில்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள், பிள்ளை தங்கியது. ஆனால் தைப்பூசம் வந்தபோது அவளுக்கு எட்டு மாதம். பிள்ளைத்தாய்ச்சி எப்படிக் குடம் தூக்குவாள்? விட்டுவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைக் கடித்தாள். உதடு தடித்தது. தொண்டை அரித்தது.

கமலநாதனின் அம்மா கருப்பாயி ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள்: “வேண்டுதல் நிக்கிதுல்ல. முருகன் ஞாபகப்படுத்துறாரு.” ஒரு வெள்ளி நோட்டை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப்படத்தின் முன்னால் வைத்தார்கள். மாலைக்குள் வீக்கம் வடிந்தது.

[வடிந்ததுதான் வினை. வடியாமலிருந்தால் டாக்டரிடம் போயிருப்பார்கள்.]

3

(இது அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, ஆகவே நடுவில்.)

ஒவ்வாமை என்றால் உடம்பில் தெம்பில்லை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். நோயெதிர்ப்பு மண்டலம் ஒரு கெடுதலுமில்லாத பொருளை, இங்கே ரப்பர் பாலிலுள்ள புரதத்தை, பகையென்று முடிவு கட்டிவிடுகிறது. முதலில் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைத் தயாரித்து, தோலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அதே புரதம் மறுபடி வந்தால் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். ஓரிடத்தில் என்றால் அரிப்பு, வீக்கம். உடம்பு முழுக்க என்றால் மூச்சு இறுகும், ரத்த அழுத்தம் சரியும், நிமிடக் கணக்கில். வாழைப்பழத்தில் ரப்பர் புரதத்தின் சாயலில் ஒன்று உண்டு. ஆள் மாறி விழுந்த அடி அது.

இத்தனையும் அவளைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் அவள் உடம்பே செய்வது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

4

வலி எடுத்த அன்று பிள்ளை குறுக்கே கிடந்தது. உடனே அறுவைச் சிகிச்சை என்றார்கள். செல்வராணி பேசும் நிலையில் இல்லை. தாதி படிவத்தைக் கமலநாதனிடம் நீட்டினார். அதில் ‘அலாஹான்’ என்றொரு கேள்வி, ஒவ்வாமை உண்டா என்று.

அவர் பேனா நின்றது. கை அரிப்பு? அது வேலையில் வருவது. உதட்டு வீக்கம்? அது சாமி காரியம். ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

பிள்ளை நன்றாக அழுதது. ரப்பர் கையுறை போட்ட கைகள் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே செல்வராணியின் ரத்த அழுத்தம் விழுந்தது. போராடிப் பார்த்தார்கள். மீளவில்லை.

மறுநாள் டாக்டர் கேட்டார்: என்ன வேலை செய்தார்? பழம் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? அப்போதுதான் கமலநாதனுக்குத் தெரிந்தது.

5

போன சனிக்கிழமை காலை இதுவரை எழுதியதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“அண்ணே, நான் ‘இல்லை’ன்னு கோடு போட்டேன்னு வர்ற வரிய மட்டும் எடுத்துருங்க.”

“எல்லாத்தையும் எழுதச் சொன்னீங்களே, தம்பி.”

“சொன்னேன். இத படிச்ச பிறகும் அவ என்னை அப்பான்னு கூப்பிடுவாளா?”

“இந்த வரி இல்லன்னா மிச்சம் பிரசவம் மட்டும்தான். அவ தன்னையேதான் குத்தம் சொல்லிக்குவா.”

வேறு முடிவு ஒன்றும் எழுதிப் பையில் வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். அதில் அவர் ‘உண்டு’ என்று கோடு போடுகிறார், கையுறையை மாற்றுகிறார்கள், செல்வராணி பிள்ளையோடு வீடு திரும்புகிறாள். படித்துவிட்டு அழுதார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல வர்ற லோஷினி யாருண்ணே? அம்மா இருக்கற புள்ள. எனக்கு அவளத் தெரியாது.”

அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு முகம் கழுவ எழுந்தார். அதற்குள் லோஷினி அறையிலிருந்து வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மேசையிலிருந்த தாள்களை இழுத்துக்கொண்டாள்.

“மாமா, எனக்குப் படிக்கத் தெரியும். செல்… வ… ராணி. எங்கம்மா பேரு!”

கமலநாதன் பாதி வழியில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அவள் இன்னும் முதல் பக்கத்தில், விரல் வைத்து, எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த வரி மூன்றாம் பக்கத்தில். நீங்கள் மளமளவென்று படிப்பவர்கள், தாண்டி வந்துவிட்டீர்கள். அவளுக்கு நேரமாகும். அவள் கையிலிருந்து தாளை வாங்க வேண்டுமென்றால் நீங்கள்தான் வாங்க வேண்டும். எங்கள் இருவருக்கும் கை எழவில்லை.