முப்பது அடி தவிர

டெஸ்மண்ட், இங்கிலாந்தின் கெட்டரிங் நகராட்சியில் வாகன நிறுத்தப் பிரிவில் முப்பத்தொரு வருடம் அதிகாரியாக இருந்தவர். கோட்டுக்கு ஒரு சாண் வெளியே நின்ற கார்களுக்கெல்லாம் அபராதச் சீட்டு ஒட்டியே ஓய்வூதியம் வரை வந்து சேர்ந்துவிட்டார். மிச்சக் காலத்தை கிரேக்கத் தீவான கோர்ஃபூவில் கழிப்பது என்று முடிவானது. விமானத்தில் போனால் மூன்றரை மணி நேரம். ஆனால் கிளப்பில் நடந்த பிரிவுபசார விருந்தில் கோப்பையைத் தூக்கிப் பிடித்து அறிவித்துவிட்டார்: "இங்க எங்க வீட்டு வாசல்லேர்ந்து அங்க புது வாசல் வரைக்கும், ஸ்டியரிங்க என் கை தவிர வேற கை தொடாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி ஹிலரியும் தட்டினாள். அப்போது அவளுக்கு இடுப்பு வலி வந்திருக்கவில்லை.

இன்று ஏழாவது நாள். இங்கிலாந்துக் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். வழியிலிருந்த சுங்கச்சாவடி ஜன்னல்களோ இடப்பக்கம். ஆகவே செர்பியா முழுக்க ஓட்டியது டெஸ்மண்ட். கையை நீட்டியதும் திட்டு வாங்கியதும் ஹிலரி. பின்னால் கூரை முட்ட அவருடைய சாய்வு நாற்காலி, மெத்தைகள், இரண்டு வருடத்துக்கான தேயிலை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் தலையணை உறை.

கோர்ஃபூவுக்குக் கார்களை ஏற்றிப்போகும் கப்பல் புறப்படுகிற இகுமெனிட்சா துறைமுகத்தில் ஒரு நீண்ட வரிசை நின்றது. இங்கிலாந்துக்காரர்கள் வரிசையைக் கண்டால் எதற்கென்று கேட்பதில்லை. கடைசியில் போய் நின்றுகொள்வார்கள். டெஸ்மண்டும் நின்றார். ஒன்றேகால் மணி நேரம்.

"இது எதுக்கான வரிசைன்னு யாரையாவது கேட்டியா?" என்றாள் ஹிலரி.

"எவ்வளவு ஒழுங்கா நிக்கிறாங்க பாரு. சரியான இடமாத்தான் இருக்கும்."

"முன்னாடி நிக்கிறது எல்லாம் லாரி, டெஸ்."

"நாமளும் சாமான்தானே ஏத்தியிருக்கோம்?"

அவள் இறங்கிப் போய் ஒரு லாரி ஓட்டுநரைக் கேட்டாள். அவன் வாயிலிருந்த பண்டத்தோடு சிரித்தான். "இது இத்தாலிக்கும்மா! உங்க கப்பல் அந்தக் கோடியில. கதவ மூடப் போறான், ஓடுங்க. நாளைலேர்ந்து ஸ்டிரைக் வேற."

ஓடினார்கள். கப்பலின் சாய்தளத்தில் விசிலோடு நின்ற சிப்பந்தி, இடப்பக்க ஜன்னலில் குனிந்தான். "டிரைவர் மட்டும் உள்ள. மத்தவங்க இறங்கி நடங்க. வண்டி ரிவர்ஸ்ல வரணும். திருப்புங்கம்மா!"

"நான் டிரைவர் இல்ல."

"பின்ன அந்த சீட்ல என்ன பண்றீங்க?"

"ஏழு நாளா நானும் அதைத்தான் யோசிக்கிறேன்," என்று இறங்கினாள்.

டெஸ்மண்ட் பின்னால் எடுத்தார். கார் இடப்பக்கச் சங்கிலியை நோக்கிப் போனது. மறுபடி எடுத்தார், வலப்பக்கம் போனது. மூன்றாவது முறை குறுக்கே நின்றேவிட்டது.

"கேப்டன், கப்பல் நேராத்தான் நிக்குது!" என்று கத்தினான் சிப்பந்தி. மேலே சங்கு ஊதியது.

ஹிலரி வலப்பக்க ஜன்னலுக்கு வந்தாள். "இறங்கு."

"கிளப்புல என்ன சொல்லிட்டு வந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த நாற்காலிக் காலை முதுகுல வாங்கிட்டு இன்னும் ஒரு ராத்திரி என்னால கார்ல படுக்க முடியாது. இறங்கு, டெஸ்."

"உன்னால முடியுமா?"

"பதினொரு வருஷம் நடமாடும் நூலக வண்டிய சந்து சந்தா ரிவர்ஸ்ல விட்டவ நான். நீயே எனக்கு ரெண்டு தடவை சீட்டு ஒட்டியிருக்க."

சங்கு மறுபடி ஊதியது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். அவள் பக்கக் கண்ணாடிகளை மட்டும் பார்த்து, ஒரே இழுப்பில், கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். பயணத் திட்டக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தர்பூசணி தூக்கிய குடும்பங்களுக்கு நடுவே, டெஸ்மண்ட் நடந்து ஏறினார்.

ஒன்றரை மணி நேரப் பயணம். ஹிலரி மேல்தளத்து பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். தீவு நெருங்கியதும் ஓட்டுநர்கள் கீழே வரும்படி அறிவித்தார்கள். டெஸ்மண்ட் எழவில்லை.

"நீயே போ," என்றார் கடலைப் பார்த்து. "நான் நடந்து வர்றேன்."

ஹிலரி கண்ணைத் திறக்காமலே சாவியை அவர் மடியில் போட்டாள். "எனக்கு இதெல்லாம் வேண்டாம். நீயே ஓட்டித் தொலை. கட்டில் இருக்கிற இடம் வந்ததும் எழுப்பு."

வாகனத் தளத்துப் படியில் நின்று டெஸ்மண்ட் கிளப்புக்குச் செய்தி தட்டினார்: 'வந்து சேர்ந்தோம். முழுக்க நானே ஓட்டினேன்.' சற்று யோசித்தார். 'முப்பது அடி தவிர' என்று சேர்த்தார். பிறகு, அதை 'இருபது' என்று திருத்தி அனுப்பினார்.