குறைத்து எழுதிய வெயில்

என் வீட்டுக்காரர் ஐயாதுரை தென்துருவத்துக்கு மூன்று முறை போய் வந்தவர். வானிலை இலாகாவில் வேலை. எண்பத்தைந்து கடைசியில் முதல் முறை கப்பலேறுமுன், மம்சாபுரத்து வீட்டுக் கொல்லையில் ஒரு மரப்பெட்டி அடித்து, அதற்குள் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். "தெனம் ரெண்டு மணிக்குப் பாத்து நோட்டுல எழுது, பரிபூரணம்" என்றார். மற்றப் பெண்களுக்குப் புருஷன்மார் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றேகால் வருஷம் அவர் வர முடியாது. மாதம் ஒரு தந்திதான் போகும்; அதில் நம்மூர்ச் சூட்டையும் சேர்க்கச் சொல்லியிருந்தார். சித்திரையில் நான் நாற்பத்தொன்று என்று எழுதியதைக் கொழுந்தன் காளிராஜ் பார்த்தான்.

"பனிக்குள்ள கெடக்குற மனுசனுக்கு இதச் சொல்லணுமா மதினி? அண்ணன் ஒறங்குவாரா? கொறச்சுப் போடுங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். தூரத்தில் இருப்பவனுக்குக் காய்ச்சலையும் எழுத மாட்டோம், சாவையும் எழுத மாட்டோம். எல்லாரும் சௌக்கியம், அவ்வளவுதான். நாலைந்து டிகிரி குறைத்தேன். தந்தியும் நோட்டும் ஒத்துப்போகாவிட்டால் வைவாரே என்று நோட்டிலும் குறைத்தேன்.

அந்த வைகாசியில் மாமனார் தவசிமுத்து இறந்தார். அதையும் சொல்லவில்லை. திரும்பி வந்தவரிடம், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று காளிராஜ் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அவர் மதுரை ஆபீசில் இருந்த வருஷங்களில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கடலைத் தாண்டினால் குறைப்பேன். பழகிவிட்டது.

தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்றார். ராஜபாளையத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். "முதல் தடவை நான் நின்ற பனி, மூன்றாம் தடவை கடலாய்க் கிடந்தது. நம்மூரிலும் சூடு ஏறுகிறது" என்று பேசினார். "அய்யனார் கோவில் அருவியில தண்ணி விழுந்தாச் சரிதான்யா" என்றார் ஒருவர். சபை சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தார். "பனியச் சொன்னா சிரிக்காங்க. நம்ம கொல்லச் சூட்டக் காட்டுதேன். பன்னெண்டு வருசம். நான் சம்பாதிச்சது இந்த ஒண்ணுதான்."

மூன்று நாள் கிராப் தாளில் கோடு போட்டார். நாலாம் நாள் கூப்பிட்டார்.

"ஏட்டி, நான் ஊர்ல இருந்தா வெயில் ஏறுது. கப்பலேறுனா எறங்குது. அதெப்படி?"

சொல்லிவிட்டேன். கத்துவாரென்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. பக்கங்களைப் பின்னால் புரட்டி, அவர் அப்பா இறந்த தேதியில் விரலை வைத்தார். முப்பத்தாறு.

"இதுவும் பொய்யா?"

"ஆமா."

"அப்பா ஒறக்கத்துலதான போனாவ?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "மாந்தோப்புல உச்சி வெயில்ல விழுந்துட்டாவ. தூக்கிட்டு வந்தப்ப உடம்பு கொதிச்சுது. தொட முடியல."

பேனாவைத் திறந்தார். "அன்னைக்கு உள்ளபடி எம்புட்டு?"

"நான் பாக்கல. ரெண்டு மணிக்கு அவிய பக்கத்துல இருந்தேன். பொறவு மனசுக்கு வந்தத எழுதுனேன்."

முப்பத்தாறை அடித்தார். பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை.

"நாப்பத்திமூணுன்னு போடுங்களேன். இருக்கும்."

"பாக்காதத எழுதக் கூடாது" என்று நோட்டை மூடிவிட்டார்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உள்ளபடி நாற்பத்திரண்டு என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.