அராரா பேசியது

சுவிட்சைத் தட்டியதும் தொம் என்று ஒரு மத்தளச் சத்தம். அது கேட்டால் கலையரசிக்கு நிம்மதி. அடுத்து இயர்போனில் ஒரு கட்டைக் குரல் வரும்: "அராரா தயார்."

அராரா என்பது அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு லினக்ஸ் இயங்குதளம். பிரேசிலில் பார்வையில்லாத இரண்டு பேர் சேர்ந்து செய்தது. திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் படித்துச் சொல்லும். படத்தை மட்டும் படிக்காது. பெரம்பலூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது கலையரசி அதைத் தேடிப் பிடித்துப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். அதோடு காலம் தள்ளுவது லேசு இல்லை. அவளுடைய சொந்த ஊரான கீழப்பழுவூரைக் 'கீலப்பலுவூர்' என்றுதான் சொல்லும். பிரிண்டரைப் பார்த்ததே இல்லை என்று சாதிக்கும். உதவி கேட்டு எழுதினால், பிரேசில்காரர் தூங்கி எழுந்து பதில் போடுவார். ஆனாலும் அந்தப் பென் டிரைவைச் செருகினால் எந்தக் கணினியும் அவளுடையதாகிவிடும்.

ஜெயங்கொண்டத்து முந்திரி மண்டி ஆபீஸில் அவளையும் ஆர்த்தியையும் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். நிரந்தரம் ஒருத்திக்குத்தான். கிடைக்காவிட்டால் கலையரசிக்கு அண்ணன் வீட்டுப் பின்கட்டுதான் கதி. முதலாளி இராமலிங்கம் இன்று நேரில் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது.

"எனக்குக் கெடைக்கலைன்னாலும் ஒங்களுக்குக் கெடைக்கணுங்கா" என்றாள் ஆர்த்தி.

பஸ் ஸ்டாப்பிலிருந்து கைபிடித்துக் கூட்டி வருவது அவள்தான். மதியம் கணக்கர் வேணுகோபாலும் மற்றவர்களும் ஓட்டலுக்குப் போய்விட, மூட்டை அடுக்கிய பின்னறையில் கலையரசியோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் அவள்தான். நல்ல ஆபீஸ் என்று கலையரசி அண்ணியிடம் சொல்லியிருந்தாள். அவள் மேசைப் பக்கம் வருகிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

முதலாளியின் செருப்புச் சத்தம் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. பிறகு ஒரு செருமல், அடக்கிய சிரிப்பு. வேணுகோபாலும் சிரித்தார். மரியாதைக்குக் கலையரசியும் சிரித்து வைத்தாள்.

"ஏம்மா, நேத்து வந்த லோடை எடு பாப்போம்."

விரல்கள் ஓடின. எந்த ஊர் வண்டி, எத்தனை மூட்டை, எவ்வளவு கழிவு என்று நிறுத்தாமல் சொன்னாள்.

"வேணு, நீ சொன்ன மாதிரி இல்லையே. வெரசாத்தான் பண்ணுது. பழைய மாசம் ஒண்ணு எடும்மா, மார்ச்சு."

ஃபோல்டரைத் திறந்து, ஆங்கில அகரவரிசையில் இருந்த மாதங்களில் ஒவ்வொன்றாக இறங்கினாள். காதில் அராரா படித்தது. "ஜனவரி. ஜூன். குருடி டூ, படம். மார்ச்."

ஒன்று மேலே ஏறினாள். "குருடி டூ, படம். டெஸ்க்டாப் பின்னணியாக உள்ளது."

அவள் எந்தப் படமும் வைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் இன்னும் யாரோ மூக்கால் சிரித்தார்கள். இயர்போன் வயரைப் பிடுங்கினாள். மறுபடி விசையைத் தட்டினாள்.

"குருடி டூ, படம்" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்டது. சிரிப்பு நின்றது.

"வேணு சார், இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க. இதுக்குப் படம் தெரியாது. எனக்கும் தெரியாது."

"ஏதோ வெளையாட்டும்மா."

"பாத்துச் சிரிச்சீங்கள்ல. சொல்லுங்க."

"சொல்லுய்யா" என்றார் முதலாளி. அவர் குரலில் சிரிப்பு மிச்சம் இருந்தது.

"நீ சாப்பிடற படம். வாயைத் தொறந்திருக்க. மோவாயில தயிர்சோறு ஒழுவுது. கண்ணு ரெண்டும் மேல செருகியிருக்கு. அது மேல கூலிங்கிளாஸ் வரைஞ்சிருக்கு."

"பின்னாடி என்ன தெரியுது?"

"மூட்டைங்க."

"எவ்வளவு கிட்டக்க எடுத்தது?"

"எதுத்தாப்ல உக்காந்து எடுத்தது."

கலையரசி ஆர்த்தியின் மல்லிகைப் பூ வாசம் வந்த பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வேணு சாரு கேட்டாருன்னுதான்..." என்றாள் ஆர்த்தி.

"மெதுவா சாப்பிடுங்கக்கா, மெதுவா சாப்பிடுங்கக்கான்னு சொல்வியே. இதுக்குத்தானா?"

முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வுடும்மா. படத்தை எடுக்கச் சொல்றேன். வேலை சுத்தமாத்தான் பண்ற, அதுல கொறை சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பொட்டி ஊரைக் கூட்டிப் படிக்குது பாரு. இன்னைக்கு இவன் மானத்தை வாங்குச்சு. நாளைக்கு ஏவாரிங்க நிக்கறப்ப ஒனக்குக் கோவம் வந்தா என் கொள்முதல் வெலையைப் படிக்கும். மண்டிக்கு அது ஆவாது. ஆர்த்தி, திங்கக்கெழமையிலேருந்து நீ இங்க உக்காரு."

"சரிங்க சார்" என்றாள் ஆர்த்தி, கொஞ்சமும் தாமதிக்காமல்.

கலையரசி கணினியின் பக்கவாட்டில் தடவிப் பென் டிரைவை உருவினாள். அராராவின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

"ஏய், கணக்கு?"

"இதுலதாங்க இருக்கு. நான் கொண்டாந்தது, நான் எடுத்துக்கறேன்."

"வச்சுட்டுப் போ. ஆறு மாசக் கணக்கு அது."

"பில்லு பூரா பின்னாடி ரூமுல கெடக்கு. ஆர்த்தி மறுபடி அடிச்சுக்குவா. அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

மடக்குக் கோலை விரித்துப் படியிறங்கினாள். யாரும் கைபிடிக்க வரவில்லை. பைபாஸில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. எதிர்ப்பக்கம்தான் பஸ் ஸ்டாப். இத்தனை நாளில் அவள் தனியாகக் கடந்ததில்லை.

உள்ளே திரை உறைந்து நின்றிருந்தது. தயிர் ஒழுகும் வாயும் வரைந்த கண்ணாடியும் அப்படியே இருந்தன. வேணுகோபால் எந்த விசையைத் தட்டியும் போகவில்லை.

"மொதல்ல அதை அமுத்துய்யா" என்று கத்தினார் முதலாளி. பில்களை அள்ளிவரப் போன ஆர்த்தி, பின்னறை வாசலிலேயே நின்றாள்.

வெளியே ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே சத்தம் கொஞ்சம் குறைந்தது. கலையரசி கோலை நீட்டி ரோட்டில் இறங்கினாள்.