சுஸ்கித் அக்கா உட்கார்ந்த கூரை

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வியாபாரம். தாத்தா பனிமலை தாண்டி யார்கந்து வரை போய்க் கம்பளம் கொண்டுவந்தார். அப்பா லே கடைத்தெருவில் ஒரே கம்பளத்தைக் காட்டி, "இதுதான் கடைசி, இனி வராது" என்று இருபது வருடம் விற்றார். நான் விற்பது பனிச்சிறுத்தை. கண்ணில் படாத சரக்கு. சுற்றுலா வரும் எட்டுப் பேரைப் பத்து நாள் மலைக்கு அழைத்துப் போய், இது அதன் கால்தடம், இது அதன் எச்சம், இது அது மூத்திரம் பெய்த பாறை என்று காட்டி, கடைசி நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "மலை மனசு வைக்கலை" என்றால் போதும், கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கம்பளக் கடையில் இப்படிச் செய்தால் அடி விழும்.

அந்தப் பிப்ரவரியில் ஏழாம் நாள். தார்லுங்கில் தங்கியிருந்தோம். சரணாலயத்துக்குள் ஒன்பது வீடுகள் கொண்ட ஊர். விருந்தாளிகள் எந்த வீட்டில் தங்குவது என்பதை ஊர்ப் பெண்கள் வாரமுறை வைத்திருந்தார்கள். அந்த வாரம் மூன்று வீட்டு முறை. அதில் ஒன்று சுஸ்கித் அக்காவுடையது. ஐம்பது வயதுப் பெண்மணி, விதவை, ஊரிலேயே நல்ல வெண்ணெய்த் தேநீர் அவள் வீட்டில்தான்.

காலையில் ஆட்டுக்கொட்டில் பக்கம் போனவள் திரும்பி வந்து, அடுப்பை ஊதி, எனக்குத் தேநீர் ஊற்றிவிட்டுச் சொன்னாள்.

"மஜீத், நீ ஏழு நாளா தேடுற ஆள் என் கொட்டில்லதான் படுத்திருக்கான்."

"யாருக்கா?"

"வால் நீளமா இருக்கு. பதினோரு ஆட்டைக் கடிச்சுப் போட்டுட்டு மூலையில உக்காந்திருக்கான். வேற யாரா இருக்கும், உங்க முதலாளி தோன்தூப்பா?"

வைக்கோல் தள்ளும் கூரை ஓட்டை வழியாக உள்ளே குதித்திருக்கிறது. கொட்டிலின் தரை பள்ளம். இறங்கிய பிராணிக்கு ஏற வழியில்லை. வயிறு வேறு கனத்துவிட்டது. இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. கதவின் தாழ்ப்பாளில் கயிறு கட்டி, எல்லோரும் கூரைக்கு ஏறிக்கொண்டு, மேலே இருந்து இழுப்பார்கள். முற்றம் காலியாக இருந்தால் அது தன் வழியில் போய்விடும். அவ்வளவுதான்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சந்தோஷம் தாங்காமல் கோவில் மேட்டுக்கு ஏறி, சிக்னல் பிடித்து, தோன்தூப்புக்குப் போன் போட்டேன். பயணக் கம்பெனி அவனுடையது. ஒரு காலத்தில் இதே மலையில் குதிரை ஓட்டிச் சுமை தூக்கியவன். இப்போது கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது.

"கதவைத் தொறக்காதே" என்றான், நான் பேசி முடிக்கும் முன்பே. "சூரத்து வைர வியாபாரி ஒருத்தரோட கிளம்பிட்டேன். பாதை முடியிற இடத்துக்கு மதியம், அங்கிருந்து குதிரையில மூணு மணிக்கு உங்க ஊர். அதுவரைக்கும் பிடிச்சு வை."

"அண்ணே, ஆறு மணி நேரம் அது உள்ள..."

"வனத்துறைக்கு இப்ப சொல்லாதே. அவங்க உடனே தொறன்னுவாங்க. அந்தம்மாகிட்ட நீ பேசு. பேசத் தெரிஞ்ச குடும்பம்தானே உங்களுது?"

திரும்பி வருவதற்குள் என் எட்டுப் பேரும் முற்றத்தில் முக்காலிகளை விரித்துவிட்டார்கள். இரண்டு பேர் கொட்டில் கூரையில் ஏறி, ஓட்டைக்குள் கேமராவை விட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஓர் ஓசை வந்தது. ஈரச் சாக்கைச் சுவரில் அடிப்பது போல. பிறகு நகம் கல்லில் இழுபடும் சத்தம். பிறகு மறுபடியும் சாக்கு.

சுஸ்கித் அக்கா கூரைக்கு ஏறினாள். ஓட்டைப் பக்கம் குனிந்திருந்தவர்களை, வாசலில் படுத்த நாயை நகர்த்துவது போலக் காலால் மெல்ல நகர்த்தினாள். பழைய கதவுப் பலகை ஒன்றை இழுத்து ஓட்டையை மூடினாள். அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, இடுப்புத் துணியிலிருந்து தக்களியை எடுத்து நூல் நூற்க ஆரம்பித்தாள். அவள் ஏற்கெனவே கட்டியிருந்த தாழ்ப்பாள் கயிற்றின் நுனி அவள் தொடைக்கு அடியில் இருந்தது.

நான் பேரத்தைத் தொடங்கினேன்.

"அக்கா, மூணு மணி வரைக்கும் கதவைத் தொறக்காம இருந்தா, கூரைக்குக் கம்பிவலை போட்டுத் தரேன்னு அண்ணன் சொல்றார்."

"போன வருஷமும் சொன்னார். அதுக்கு முந்தின வருஷமும். மூணு வருஷமா அந்த வலை லேயிலிருந்து நடந்தே வருது போல."

"இந்தத் தடவை நான் பொறுப்பு."

"உங்கப்பாகிட்ட ஒரு கம்பளம் வாங்கினேன். சாயம் போகாது, நான் பொறுப்புன்னார். மூணாவது மழையில என் தரை சிவப்பாச்சு."

சுற்றியிருந்த கூரைகளில் சிரிப்பு எழுந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் அவரவர் கூரையில் வந்து நின்றிருந்தார்கள். ஊர்த்தலைவர் நவாங் மூச்சிரைக்க வந்தார். தோன்தூப் அவருக்கும் போன் போட்டிருந்தான்.

"சுஸ்கித், கொஞ்சம் பொறு. கதவைத் தொறந்தா இனிமே ஒரு குழுவும் இங்க வராது, எல்லாம் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத்தான்கிறான். உன் ஒருத்திக்காக ஒன்பது வீடும் பட்டினி கிடக்கணுமா?"

தக்களி நின்றது.

"நாலு வருஷம் முன்னாடி உங்க கொட்டில்லயும் ஒண்ணு விழுந்துச்சு, நவாங். ஊரே கல்லெடுத்தோம். நானும் எடுத்தேன். அப்ப இந்தத் தோன்தூப்தான் ஓடி வந்தான். அடிக்காதீங்க, அது உசுரோட இருந்தாத்தான் விருந்தாளி வருவாங்கன்னான். சரின்னு கீழ போட்டோம். நாம கீழ போட்ட கல்லைத்தான் இன்னிக்கு அவன் கையில எடுத்திருக்கான். என்ன, அது எறியாம உள்ள வச்சே கொல்லுற கல்லு."

"கொல்லணும்னு யார் சொன்னா?"

"காதைக் கொடுத்துக் கேளுங்க."

எல்லோரும் கேட்டோம். சாக்கு சுவரில் மோதியது. இப்போது அதோடு ஒரு முனகல். என் குழுவில் மார்ட்யே என்று ஒரு ஹாலந்துக்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. முழங்கால் வலியோடு மூன்று வருடமாக இந்த மலைக்கு வந்து, ஒன்றும் காணாமல் போகிறவள். அவள் என் கையைத் தொட்டாள்.

"அது தன்னைத்தானே காயப்படுத்திக்குதா?"

"ஆமா."

"கதவு ஏன் மூடியிருக்கு?"

நான் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினேன். எட்டு மொழியில் பொய் சொல்லத் தெரிந்தவன் நான்.

மேலேயிருந்து சுஸ்கித் அக்கா கூப்பிட்டாள்.

"மஜீத், இங்க வா. நீ வியாபாரி, உன்கிட்ட வியாபாரமே பேசுறேன். கயிறு என்கிட்ட இருக்கு. ஆனா கீழ இவங்க முக்காலி போட்டு அடைச்சு நிக்கிற வரைக்கும் நான் இழுக்க முடியாது. இழுத்தா யாராவது சாவாங்க. அதனால முற்றம் உன்கிட்ட இருக்கு. இவங்க எல்லாரும் எதிர்ல ரிக்ஸின் வீட்டுக் கூரையில ஏறி வாயை மூடிக்கிட்டு நின்னா, முழுச் சிறுத்தை, பனியில, பட்டப்பகல்ல, தன் கால்ல நடந்து போறதைப் பாப்பாங்க. இல்லேன்னா இருட்டுல ரெண்டு கண்ணு, மூக்குல ரத்தம். எந்தச் சரக்கை எடுத்துக்கிற?"

"தோன்தூப் அண்ணன் என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவார்."

"அது உன் விலை. என் பதினோரு ஆட்டை நான் வச்சுட்டேன். நீ உன்னுதை வை."

தாத்தா யார்கந்துக்காரர்களோடு பேரம் பேசும்போது சட்டைக் கைக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வாராம்; மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. இந்தப் பெண்மணி ஒன்பது கூரை பார்க்க, என் விரலை நிமிர்த்தி எண்ணிக் காட்டிவிட்டாள். நான் முற்றத்தைப் பார்த்தேன். மார்ட்யே ஏற்கெனவே முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் ரிக்ஸின் வீட்டுக் கூரைக்கு" என்றேன். "சத்தம் கூடாது. வரலைன்னா இங்கேயே நில்லுங்க, அது உங்களைத் தாண்டித்தான் போகணும்."

முற்றம் அரை நிமிடத்தில் காலியானது. நவாங் எல்லோருக்கும் முன்னால் ஏறினார்.

சுஸ்கித் அக்கா கயிற்றை இழுத்தாள். கதவு திறந்தது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தாமதமாக வரும் மாப்பிள்ளைக்குக் காத்திருப்பது போல நின்றோம். பிறகு வாசலில் ஒரு முகம் தெரிந்தது. புகையில் புரட்டி எடுத்த நிறம், மூக்கின் மேல் காயம். ஓடும் என்று நினைத்தேன், ஓடவில்லை. வயிறு ஆட, முன்னங்கால் ஒன்றை லேசாகத் தாங்கி, எங்கள் வரிசை முழுவதையும் ஒரு முறை பார்த்தது. கம்பளக் கடைக்குள் நுழைந்து, எதுவும் பிடிக்காமல் வெளியேறும் பணக்காரியின் பார்வை அது. வயல் வரப்புகளைத் தாண்டி, உறைந்த ஓடையைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே ஏறி, பாறையாகிவிட்டது. கேமராக்கள் விடாமல் இரைந்தன. மார்ட்யே மட்டும் எடுக்கவில்லை. கண்ணாடி நனைந்து அவளுக்கு எதுவும் தெரியவில்லையாம்.

மூன்று மணிக்குத் தோன்தூப் வந்தான். அவனுக்குப் பின்னால் குதிரை மேல், மூன்று கம்பளிக்குள் வைர வியாபாரி.

"யார் தொறந்தது?" என்றான், திறந்த கதவைப் பார்த்து.

"முற்றத்தைக் காலி பண்ணது நான்" என்றேன்.

"தொறந்தது நான்" என்றாள் சுஸ்கித் அக்கா, கூரையிலிருந்து. "என் கொட்டில், என் கதவு, என் கை. இவன் பங்கு கேட்டா கொடுக்காதே."

"இனி உன் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வர மாட்டான். மஜீத், நீ நாளைக்கே லேக்குக் கிளம்பு." வியாபாரி பக்கம் திரும்பினான். "வாங்க சார், ரிக்ஸின் வீட்டுல தங்கலாம்."

ரிக்ஸின் தன் கூரையில் கை கட்டி நின்றாள். "என் முறை திங்கக்கிழமைதான்."

"ஒரு ராத்திரி, ரிக்ஸின்."

"முறைன்னா முறை. இந்த வாரம் மூணு வீடு. ரெண்டுல இடமில்ல. சுஸ்கித் வீட்டுல ஒரு அறை காலியா இருக்கு."

தோன்தூப் நவாங்கைப் பார்த்தான். நவாங் தன் மனைவியைப் பார்த்தார். அவள், "எங்க வீட்டுல அடுப்பு புகையுது" என்றாள். அடுத்த கூரையில், "எங்க வீட்டுலயும்" என்றார்கள். அன்று தார்லுங்கில் எல்லா அடுப்பும் புகைந்தது. வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. வைர வியாபாரி குதிரை மேலிருந்தபடியே, கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்டார்.

தோன்தூப் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். சின்னக் கண்கள், எனக்கே மறந்து போயிருந்தன.

"அக்கா" என்றான். "அறை வேணும்."

"யாருக்கு? இனி விருந்தாளி வரமாட்டாங்கன்னு இப்பத்தானே சொன்ன?"

"அதை விடு. சொன்னது சொன்னதா இருக்கட்டும்."

"இருக்கக்கூடாது. இத்தனை பேர் கேக்க வாபஸ் வாங்கிக்கோ. மஜீதைப் பத்திச் சொன்னதையும்."

அவன் வாபஸ் வாங்கிக்கொண்டான். வாயில் மண் போட்டுக்கொள்வது போலத்தான், ஆனாலும் சத்தமாக.

"நல்லது. உன் விருந்தாளியை ரிக்ஸின் என் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் வெந்நீர் கொடுப்பா. நீ கொட்டிலுக்குப் போ. பதினொண்ணு செத்துக் கிடக்கு, எனக்கு ஆள் இல்ல. அதை வெளிய எடு. அப்புறம் டீ."

"நானா?"

"சுமை தூக்கின உடம்புதானே? மறந்திருக்காது."

நானும் கூடப் போனேன். அவன் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சட்டையில் ரத்தம் ஒட்டியது. பேசாமல் இரண்டைத் தூக்கி வெளியே வைத்தோம். மூன்றாவதைத் தூக்கும்போது காதோரம் சொன்னான்.

"ஒண்ணை மட்டும் அந்த ஓடைக்கு மேல விட்டுட்டா... பசிச்சா திரும்பி வரும்டா. காலையில வெளிச்சமும் அந்தப் பக்கம்தான்."

நானும் ஓடைக்கு மேல் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். வெளிச்சம் எங்கே விழும் என்று கணக்குப் போட்டேன்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" மேலேயிருந்து குரல்.

"ஒண்ணுமில்லக்கா."

"உன் விருந்தாளிக்குச் சிறுத்தை காட்ட என் ஆடு வேணாம், தோன்தூப். பதினொண்ணும் என் கண்ணு முன்னால வரணும். நான் இறங்கப் போறதில்ல."

தோன்தூப் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், மெல்ல. பிறகு நான்காவது ஆட்டின் பின்னங்கால்களைப் பிடித்தான். நான் முன்னங்கால்களைப் பிடித்தேன்.