தளம் போட்ட நாள்

ரமேஷ்பாபு ஊருக்கு நல்லவர். வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் விசாரித்தால் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கம் வீட்டுக்குள் நுழைந்ததும் பெல்ட்டைக் கழற்றும். பதினோரு வருஷமாக இதுதான் நடந்தது. பக்கத்து வீட்டு பௌதிக்குக்கூட, அதாவது வங்காளி அண்ணிக்குக்கூட, விஷயம் தெரியாது. அவர் திட்டுவதும் தமிழில், மனைவி தமிழரசி அழுவதும் தமிழில். இந்த மதராஸ்காரர்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள் என்று வங்காளிகள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று தமிழரசியும் விட்டுவிட்டாள். மானம் போய்விடுமாம். பாழாய்ப்போன மானம்.

அடித்து ஓய்ந்தபின் அவர் சொல்லும் சமாதானம் ஒன்றே ஒன்றுதான்.

"எலிப்பொந்து மாதிரி வீடு. மூச்சு முட்டுது. அதான் கை நீண்டுடுது."

தமிழரசி இதை நம்பினாள். சொல்லவே வயிறு எரிகிறது, ஆனால் நம்பினாள். மகளின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக மாடிக்குப் பிளான் வரைந்தாள். மேலே அவருக்குப் பெரிய அறை, தனிக் குளியலறை, காற்று வாங்க பால்கனி. கீழே அவளும் பத்து வயது சுபிக்ஷாவும். அவர் இன்னும் மகள்மேல் கை வைக்கவில்லை. வைக்கும் நாள் வருவதற்குள் மாடி எழும்பிவிட வேண்டும் என்பதுதான் அவள் தவிப்பு. இரண்டு வருஷம் நைச்சியமாகப் பேசி, அது தன் யோசனை என்று அவரையே நினைக்க வைத்து, வேலையைத் தொடங்க வைத்தாள்.

"மாடி வந்துட்டா எல்லாம் சரியாயிடும் கண்ணு" என்று சுபிக்ஷாவிடம் தினமும் சொன்னாள்.

வீடு குடலை வெளியே தள்ளிக்கொண்டு கிடந்தது. பழைய படிக்கட்டை இடித்தாயிற்று. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பெயர்த்தாயிற்று. சோற்றில் சிமென்ட், தலையணையில் சிமென்ட். கதவில்லாத வீட்டில் அடிக்க மாட்டார் என்று அவள் நினைத்தது தப்புக் கணக்கு. கலவை போடும் மிக்சர் மெஷின் ஓடும் நேரமாகப் பார்த்து அடித்தார். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

மாடியின் சுவர்கள் எழும்பி, கூரைக்குத் தளம் போடும் நாள் வந்தது. மேலே போக இருந்த ஒரே வழி மூங்கிலால் கட்டிய, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற சரிவு. அதில் இருபது சித்தாள் பெண்கள் தலையில் கலவைச் சட்டியோடு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி முகமது இஸ்மாயில் காலையிலேயே சொல்லியிருந்தார், ஆரம்பித்தால் நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் தளம் ஒட்டாது, ஆயுசுக்கும் ஒழுகும் என்று. தமிழரசி கொல்லையில் எல்லோருக்கும் ஆட்டுக்கறி சமைத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் டிரம் வழிகிறதே என்று சுபிக்ஷா மோட்டாரை நிறுத்தினாள். அதே மோட்டாரிலிருந்து மிக்சருக்குப் போகும் தண்ணீரும் நின்றது, சித்தாள்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. ரமேஷ்பாபு காலியாகக் கிடந்த சரிவில் தடதடவென்று இறங்கி வந்தார். கீழே கிடந்த சட்டக் கட்டையை எடுத்தார். சுபிக்ஷாவின் முதுகில் ஓங்கி வைத்தார்.

தமிழரசி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். அடுத்த அடியில் அவள் மணிக்கட்டு முறிந்தது. அதற்கடுத்த அடி நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது. கட்டை மறுபடி மகளை நோக்கி உயர்ந்ததைப் பார்த்தாள்.

"பாஞ்சாவ்! பாஞ்சாவ்! என் பொண்ணைக் கொல்றான், காப்பாத்துங்க!"

வங்காள மொழியில் கத்தினாள். அடிவயிற்றிலிருந்து வந்த குரல் மிக்சரைத் தாண்டிப் போயிற்று.

சரிவின் அடியில் வரிசைக்கு முன்னால் நின்ற சித்தாள் சாதனா திரும்பிப் பார்த்தாள். தலையிலிருந்த சட்டியைத் தரையில் வைத்தாள். பின்னாலேயே இருபது சட்டிகளும் இறங்கின. யாரோ மிக்சரை நிறுத்தினார்கள். பக்கத்து மொட்டைமாடிகளில் தலைகள் முளைத்தன.

இஸ்மாயில் மேலிருந்து கத்தினார். "பாபு, பாதித் தளம் காயுது! வீடு போயிடும்!"

ரமேஷ்பாபுவின் முகம் வெளிறியது. "தூக்குங்க, தூக்குங்க" என்று சித்தாள்களிடம் கெஞ்சினார்.

"பௌதி சொன்னா தூக்குவோம்" என்றாள் சாதனா, தமிழரசியைக் காட்டி.

அவர் தமிழரசியிடம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். "சொல்லுடி. மத்ததை அப்புறம் வெச்சுக்கறேன்."

அந்த 'அப்புறம்' அவளுக்கு உறைத்தது. எத்தனை மாடி கட்டினாலும் இந்த ஆள் இறங்கி வருவான். இவனுக்கு அடிப்பதற்கு இன்னும் நாலு அறை கட்டிக்கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"தூக்குங்க தீதி. அவரையும் மேல அனுப்புங்க, வீட்டுக்காரர் பக்கத்துல நிக்கட்டும்" என்றாள் சாதனாவிடம்.

ஜெயித்துவிட்ட திமிரோடு அவர் ஏறிப் போனார். பின்னாலேயே சாதனா முன்னே செல்ல, சட்டிகள் வரிசையாகச் சரிவில் ஏறின; இனி அவர் இறங்க வழியில்லை. தமிழரசி முறிந்த கையை முந்தானையில் கட்டிக்கொண்டு மகளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

மேலிருந்து அவர் பார்த்துவிட்டார். "ஏய்! எங்கடி போறே?" என்று பாதி தூரம் இறங்கி ஓடிவந்தார். எதிரே சாதனா ஏறிக்கொண்டிருந்தாள். அவள் ஒதுங்கவில்லை. அவர் அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். அவள் மூங்கிலைப் பற்றிக்கொண்டு, தலையிலிருந்த சட்டியை அப்படியே அவர் முகத்தில் கவிழ்த்தாள். சிமென்ட் கண்ணுக்குள் போய் அவர் அலறினார். பின்னால் வந்த பெண் இடுப்பில் உதைத்தாள். இன்னொருத்தி மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் போட்டாள். தங்கமான மனுஷன் மூங்கிலில் உருண்டு ஜல்லிக் குவியலில் போய் விழுந்தார். கால் மடங்கிய விதம் பார்க்கச் சகிக்கவில்லை. தமிழரசி பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து வீட்டு பௌதி ஓடிவந்து ஒரு டோட்டோ ரிக்ஷாவைப் பிடித்து, தானும் ஏறிக்கொண்டு, அவர்களை நேராகக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பெண் அதிகாரி தமிழரசியின் நெற்றியில் துணியை வைத்து அழுத்தினார்.

"குழந்தைக்கு அடிபட்டிருக்கா?"

"இன்னிக்குத்தான் முதல் தடவை மேடம். முதுகுல" என்றாள் தமிழரசி.

அதிகாரி சுபிக்ஷாவின் சட்டையை மெல்ல உயர்த்தினார். இன்றைய தடிப்பு சிவந்திருந்தது. அதன் கீழே நீலமாக ஒன்று, மஞ்சளாக இரண்டு, இடுப்போரம் ஆறிப்போன பெல்ட் தழும்புகள். பௌதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தமிழரசி மகளைத் தன் பக்கம் திருப்பினாள். "எப்போலேர்ந்துடி? ஏண்டி அம்மாகிட்ட சொல்லலே?"

சுபிக்ஷா சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மாடி வந்துட்டா சரியாயிடும்னு நீதானேம்மா சொன்னே."